கம்பியில்லா அச்சுப்பொறி: தொடர்பு எங்கே அறுந்தது?

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

முன்னுரை

நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தையும் ஆராய்ந்த பிறகே மருத்துவம் செய்ய வேண்டும் என்பது வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் கூறும் கருத்து. அவர் மனித உடலை எண்ணிக் கூறிய அறிவுரை, நம் வீட்டு இயந்திரங்களுக்கும் அப்படியே பொருந்துகிறது.

இன்று பல வீடுகளில் ஓர் அச்சுப்பொறி, அதாவது பிரிண்டர், இருக்கிறது. கம்பி எதுவும் இணைக்காமலே செல்போனிலிருந்தும் லேப்டாப்பிலிருந்தும் அதற்கு வேலை கொடுக்கலாம். அது ஒழுங்காக வேலை செய்யும் நாளில் அதை யாரும் நினைப்பதில்லை. மறுநாள் காலையில் ப்ராஜெக்டை ஒப்படைக்க வேண்டும் என்ற இரவில்தான் 'ஆஃப்லைன்' என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறது. உடனே ஆளுக்கொரு வைத்தியம் தொடங்கும். ஒருவர் சுவிட்சை அணைத்து அணைத்துப் போடுவார். ஒருவர் எல்லாப் பட்டன்களையும் அமுக்கிப் பார்ப்பார். மற்றொருவர் கணிப்பொறியில் உள்ளதை எல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். கடைசியில் எது கெட்டிருந்தது, எது சரி செய்தது என்பது ஒருவருக்கும் தெரியாது.

தோழியரே, இத்தொல்லையை முறையாக அணுகினால் பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் தீர்த்துவிடலாம். அதற்குப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. பொறுமையும் ஒரு தாளும் பென்சிலும் போதும். அந்த முறையை இக்கட்டுரையில் காண்போம்.

நான்கு கண்ணிகள்

நாம் 'பிரிண்ட்' என்று கட்டளையிட்டதும் அது காகிதமாக வெளிவருவதற்கு நான்கு கண்ணிகள் கோத்த ஒரு சங்கிலி வேண்டும்.

1. பிரிண்டர். அதற்கு மின்சாரம், காகிதம், மை ஆகியவை இருக்க வேண்டும்.
2. அலைத்தொடர்பு. பிரிண்டரும் ரூட்டரும் ரேடியோ அலைகளால் இணைந்திருக்க வேண்டும்.
3. முகவரி. கணிப்பொறி எந்த எண்ணுக்கு அனுப்புகிறதோ அந்த எண்ணில் பிரிண்டர் இருக்க வேண்டும்.
4. வரிசை. கணிப்பொறிக்குள் அச்சிடக் காத்திருக்கும் வேலைகள் சிக்காமல் நகர வேண்டும்.

இந்த நான்கில் எது அறுந்தாலும் நம் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான்: காகிதம் வரவில்லை. காய்ச்சல் பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறியாக இருப்பதுபோல, 'ஆஃப்லைன்' என்ற சொல்லும் பல கோளாறுகளுக்குப் பொதுவானது. ஆகவே ஊகத்தை விட்டுவிட்டுக் கண்ணி கண்ணியாகத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்வது நல்லது. வீட்டில் அச்சிடுவதற்கு இன்டர்நெட் வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள். பெரும்பாலான வீட்டுப் பிரிண்டர்களுக்கு அது தேவையில்லை. லேப்டாப்பிலிருந்து ரூட்டர், ரூட்டரிலிருந்து பிரிண்டர் என்று வீட்டுக்குள்ளேயே பயணம் முடிந்துவிடுகிறது. மழையில் வெளிக்கம்பி அறுந்து இன்டர்நெட் நின்றுபோனாலும், ரூட்டருக்கு மின்சாரம் இருக்கும்வரை அச்சிடலாம். அதுபோலவே செல்போனில் படம் நன்றாக ஓடுகிறது என்பது பிரிண்டரின் தொடர்பு சரியாக இருப்பதற்குச் சான்று ஆகாது.

அலையின் கணக்கு

மின்காந்த அலைகளைப் பற்றி நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். நம் நாட்டு விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் 1890-களிலேயே கல்கத்தாவில் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள நுண்ணலைகளை உண்டாக்கி ஆராய்ந்தார். ரூட்டரும் பிரிண்டரும் பேசிக்கொள்வதும் நுண்ணலைகளால்தான். இதற்கான உலகப் பொதுத்தரம் முதன்முதலில் 1997-ல் வெளியாயிற்று. 'வைஃபை' என்ற பெயர் 1999-ல் சூட்டப்பட்டது.

வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரு அலைவரிசைகள் பெருவழக்கில் உள்ளன. இவற்றின் அலைநீளத்தை நாமே கணக்கிடலாம். ஒளியின் வேகம் விநாடிக்கு 30 கோடி மீட்டர். அதை 2.4 கிகாஹெர்ட்ஸ், அதாவது 240 கோடி என்ற அதிர்வெண்ணால் வகுத்தால் 0.125 மீட்டர் வருகிறது. அதாவது 12.5 சென்டிமீட்டர், நமது ஸ்கேலைவிடச் சிறிது குறைவு. 5 கிகாஹெர்ட்ஸுக்கு 6 சென்டிமீட்டர்.

இந்தக் கணக்கால் என்ன பயன்? நீண்ட அலை சுவர்களை ஓரளவு தாண்டிச் செல்லும். குறுகிய அலை வேகமாகச் செய்தி சுமந்தாலும் சுவரிடம் சீக்கிரம் தோற்றுவிடும். வீட்டுப் பிரிண்டர்கள் பல 2.4 வரிசையை மட்டுமே அறிந்தவை. ரூட்டர் இரண்டு பெயர்களில் ஒலிபரப்பும்போது, 5 வரிசையின் பெயர் அப்படிப்பட்ட பிரிண்டரின் பட்டியலில் தோன்றவே தோன்றாது. அதைத் தேடிக் காலத்தை வீணாக்காமல் 2.4-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். செல்போன் 5-லும் பிரிண்டர் 2.4-லும் இருப்பதால் தவறில்லை. ஒரே ரூட்டரின் ஒரே வீட்டுத்தொடர்பாக இருந்தால் இரண்டும் பேசிக்கொள்ளும். ஆனால் 'கெஸ்ட்' என்று விருந்தினருக்காகத் திறந்துவிடும் தொடர்பில் செல்போன் இருந்தால் பேச்சு நடக்காது. வந்தவர் திண்ணையோடு நிற்கட்டும் என்பதுதான் அந்த ஏற்பாடு.

இரும்பு பீரோ, தண்ணீர் நிறைந்த மீன்தொட்டி, கான்கிரீட் தூண் ஆகியவை அலைக்குத் தடைகள். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய 2.45 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்வதால், அது ஓடும்போது பக்கத்தில் உள்ள பிரிண்டரின் தொடர்பு தடுமாறக்கூடும்.

முகவரி மாறும் விதம்

ஒரு விடுதியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். விடுமுறை முடிந்து மாணவியர் வந்து சேரும்போது, வார்டன் சிஸ்டர் வரிசைப்படி கட்டில் எண்களைக் கொடுக்கிறார். போன பருவத்தில் 6-ஆம் கட்டிலில் இருந்தவள் இம்முறை 9-க்குப் போகலாம். வீட்டிலிருந்து வரும் கடிதத்தில் பெயர் இல்லாமல் '6-ஆம் கட்டில்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது யாருக்குப் போய்ச் சேரும்?

ரூட்டர் அந்த வார்டனைப் போன்றது. வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் அது ஓர் எண்ணைத் தருகிறது. அதை ஐ.பி. முகவரி என்கிறோம். 192.168.1.6 என்பதுபோல நான்கு பகுதிகளாக இருக்கும். ஒவ்வொரு பகுதியும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண். மின்சாரம் போய் வந்த பிறகு ரூட்டர் பிரிண்டருக்கு 192.168.1.9 என்று வேறு எண்ணைக் கொடுக்கலாம். லேப்டாப் பழைய 6-ஐயே அழைத்துக்கொண்டிருந்தால் பதில் எப்படி வரும்? 'நேற்றுவரை நன்றாக இருந்ததே' என்ற புலம்பலுக்குப் பல வீடுகளில் இதுவே காரணம்.

ஆராயும் முறை

முதற்படி: பிரிண்டரை மட்டும் சோதியுங்கள். கண்ணாடியின் மேல் ஒரு தாளை வைத்து 'காப்பி' பட்டனை அமுக்குங்கள். நகல் வந்தால் இயந்திரமும் மையும் நலம், முதற்கண்ணி உறுதி. வராவிட்டால் வைஃபையைக் குறை சொல்லாமல் காகிதச் சிக்கலையும் மையையும் கவனியுங்கள்.

இரண்டாம் படி: வைஃபை விளக்கைப் பாருங்கள். பெரும்பாலான பிரிண்டர்களில் அது நிலையாக எரிந்தால் தொடர்பு உண்டு. விட்டுவிட்டு எரிந்தால் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பிறகு பிரிண்டரின் மெனுவிலிருந்து 'நெட்வொர்க் ரிப்போர்ட்' என்ற தாளை அச்சிட்டுப் பாருங்கள். எந்தப் பெயருள்ள வைஃபையில் அது சேர்ந்திருக்கிறது, அதன் ஐ.பி. முகவரி என்ன என்ற இரண்டும் அதில் இருக்கும். இவற்றைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முகவரி 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து எண் கிடைக்காமல் பிரிண்டர் தானாகவே ஓர் எண்ணைச் சூட்டிக்கொண்டது என்று அறியுங்கள்.

மூன்றாம் படி: தொடர்பு இல்லையென்றால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வரிசையாகப் போடுங்கள். முதலில் ரூட்டர், அதன் விளக்குகள் நிலைபெற இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். அடுத்து பிரிண்டர். கடைசியாக லேப்டாப். எண் கொடுப்பவர் வந்து அமருமுன் எண் கேட்பவர் வந்து என்ன பயன்? மின்வெட்டின்போது ரூட்டர் இன்வெர்ட்டரிலும் பிரிண்டர் நேர் மின்சாரத்திலும் இருக்கும் வீடுகளில் இவ்வரிசை மிகவும் உதவும். அப்போதும் சேரவில்லையென்றால் வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் பிரிண்டரில் புதிதாகக் கொடுங்கள். பாஸ்வேர்டில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு. புதிய ரூட்டர், பழைய பிரிண்டர் என்றால் இன்னொன்றையும் பாருங்கள்: 2018-ல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 என்ற பாதுகாப்பு முறை பழைய பிரிண்டர்களுக்குப் புரியாது. ரூட்டரில் 2-ம் 3-ம் கலந்த முறையைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

நான்காம் படி: முகவரியை அழைத்துப் பாருங்கள். கணிப்பொறியின் கட்டளைத் திரையில் 'பிங்' என்ற ஆங்கிலச் சொல்லையும், இடம் விட்டுப் பிரிண்டரின் எண்ணையும் தட்டுங்கள். 'ரிப்ளை' என்று பதில் வந்தால் வழி திறந்திருக்கிறது. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் இதை எழுதினார். ஒலியைக் கடலுக்குள் அனுப்பி, எதிரொலியைக் கேட்டுப் பொருளை அறியும் சோனார் கருவியின் ஓசையையே இதற்குப் பெயராக வைத்தார். லேப்டாப் இல்லாதவர்கள் செல்போன் பிரவுசரில் அந்த எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். பல பிரிண்டர்கள் தமது பக்கத்தைத் திறந்து காட்டும். பதில் வராவிட்டால் செல்போனோ லேப்டாப்போ கெஸ்ட் தொடர்பில் இருக்கிறதா, வி.பி.என். ஓடுகிறதா என்று பாருங்கள். விண்டோஸில் வீட்டுத்தொடர்பு 'பப்ளிக்' என்று குறிக்கப்பட்டிருந்தால் பிரிண்டர் கண்ணில் படாமல் போகலாம். அதைப் 'பிரைவேட்' என்று மாற்றுங்கள்.

ஐந்தாம் படி: வரிசையைச் சீர்செய்யுங்கள். பிங் பதில் தருகிறது, ஆனால் காகிதம் வரவில்லை என்றால் கோளாறு லேப்டாப்புக்குள் இருக்கிறது. பிரிண்டரின் வரிசையைத் திறந்து, சிக்கிய வேலைகளை நீக்குங்கள். 'யூஸ் பிரிண்டர் ஆஃப்லைன்' என்ற இடத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஒரே பிரிண்டர் இரண்டு மூன்று பெயர்களில் இருந்தால், பழைய எண்ணோடு இருப்பதை நீக்குங்கள். இவை எதுவும் பயன்படாதபோது மட்டும் பிரிண்டரை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டும். பலர் முதலில் செய்யும் இக்காரியம் கடைசியில் செய்ய வேண்டியது.

ஓர் உண்மை நிகழ்ச்சி

எங்கள் தெருவில் ஓர் அக்கா வீட்டிலேயே பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். அவர் கணவர் வெளியூரில் வேலை செய்கிறார். திருப்புதல் தேர்வுக்கு முந்தின நாள் மாலை, 22 பிள்ளைகளுக்கான வினாத்தாளை அச்சிட முடியாமல் அக்கா கலங்கிப் போயிருந்தார். போனில் விசாரித்தபோது பழுது பார்ப்பவர் ஒருவர், "போர்டு போயிருக்கும், புதுசா வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டாராம். புதிது வாங்கப் பல ஆயிரம் ரூபாய் வேண்டும். அந்த மாதக் கட்டணமே இன்னும் பாதிப் பிள்ளைகளிடமிருந்து வரவில்லை.

"வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்க்கலாமே அக்கா" என்றேன்.

"நீ பாரும்மா, எனக்கு இதைத் தொடவே பயமா இருக்கு" என்றார்.

பழைய வினாத்தாள் ஒன்றைக் கண்ணாடியில் வைத்துக் காப்பி எடுத்தோம். தெளிவாக வந்தது. போர்டு போயிருந்தால் நகல் எப்படி வரும்? அக்காவின் முகத்தில் பாதிக் கவலை அப்போதே போயிற்று. அடுத்து வைஃபை விளக்கைப் பார்த்தோம். அது விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. நெட்வொர்க் ரிப்போர்ட்டை அச்சிட்டோம். அதில் இருந்த வைஃபையின் பெயரும், அக்காவின் செல்போனில் இருந்த பெயரும் வேறு வேறாக இருந்தன.

"பெயர் எப்போ அக்கா மாறுச்சு?"

"காலையில இன்டர்நெட்காரங்க வந்து பழைய பெட்டியை எடுத்துட்டுப் புதுசு வெச்சுட்டுப் போனாங்களே!"

அவ்வளவுதான். வீட்டில் இல்லாத ஒரு ரூட்டரின் பெயரைச் சொல்லிப் பகல் முழுவதும் பிரிண்டர் கூவிக்கொண்டிருந்தது. புதிய பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்ததும் விளக்கு நிலையாக எரிந்தது. அக்கா லேப்டாப்பில் பிரிண்ட் கொடுத்தார். காகிதம் வரவில்லை! "பார்த்தியா, அவர் சொன்னதுதான் சரி" என்று அக்கா உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் சங்கிலியில் இன்னும் இரண்டு கண்ணிகள் பாக்கி இருந்தன. புது ரிப்போர்ட்டில் முகவரி 192.168.0.7 என்று இருந்தது. அதைப் பிங் செய்தோம், பதில் வந்தது. ஆகவே வழி சரி. லேப்டாப்பில் பிரிண்டரின் விவரத்தைத் திறந்தால் அதில் 192.168.1.6 என்ற பழைய எண்! வரிசையில் அன்று மாலை அனுப்பிய ஒன்பது வேலைகள் சிக்கிக் கிடந்தன. அவற்றை நீக்கினோம், பழைய பதிவை நீக்கிப் புதிய எண்ணோடு சேர்த்தோம். முதல் வினாத்தாள் வெளிவந்தபோது அக்கா அதைச் சூடாகவே கையில் வாங்கிப் பார்த்தார். 22 தாள்களும் முடியும்போது மணி எட்டு.

இதிலிருந்து நாம் அறிவது: ஒரே நேரத்தில் இரண்டு கண்ணிகள் அறுந்திருக்கலாம். ஒன்றைச் சரிசெய்தும் பயன் இல்லையென்றால், செய்த வேலை வீண் என்று முடிவு கட்டாமல், அடுத்த கண்ணிக்குச் செல்ல வேண்டும்.

வருமுன் காத்தல்

புதிய ரூட்டர் வைக்கும்போது பழைய வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே அதற்கும் சூட்டினால், பெரும்பாலும் பிரிண்டரும் மற்ற கருவிகளும் தாமாகவே சேர்ந்துகொள்ளும். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'ரிசர்வேஷன்' என்ற வசதி உண்டு. 'இந்தக் கட்டில் எப்போதும் இவளுக்கே' என்று வார்டன் பதிவேட்டில் எழுதிவைப்பதுபோல, அதில் பிரிண்டருக்கு ஓர் எண்ணை நிலையாக்கிவிடலாம். ரூட்டரோடு வந்த நிர்வாகப் பாஸ்வேர்டையும் முதல் நாளே மாற்றிவிடுவது பாதுகாப்பு. வைஃபை பாஸ்வேர்டைச் சுவரில் எழுதி ஒட்டாமல், அம்மாவின் கணக்கு நோட்டில் குறித்துவைப்பது நல்லது.

முடிவுரை

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். செய்த பின் சோதிக்க வேண்டும். கண்டதைக் குறித்துக்கொள்ள வேண்டும். நம் ஆய்வகத்தில் உப்பைக் கண்டறியும்போது ஆசிரியை கற்றுத்தரும் அதே ஒழுங்குதான் இது. ஒவ்வொரு சோதனையும் 'இது இல்லை' என்று ஒன்றை விலக்கிக்கொண்டே போகும்போது, கடைசியில் உண்மை தனித்து நிற்கும்.

இயந்திரம் என்றாலே 'அண்ணன் வரட்டும், அப்பா வரட்டும்' என்று காத்திருக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அவர்கள் வரும்வரை நின்றுபோவது வெறும் காகிதம் மட்டுமல்ல. சில வீடுகளில் அது ஒரு பெண்ணின் பிழைப்பும்கூட. அன்று அக்கா 22 தாள்களையும் அடுக்கி வைத்த பிறகு, ஒரு நோட்டை எடுத்து வந்து, "ஒண்ணுலேருந்து ஐந்து வரைக்கும் சொல்லு, எழுதிக்கிறேன்" என்றார். போன மாதம் மின்வெட்டுக்குப் பிறகு அவர் பிரிண்டர் மறுபடி நின்றதாம். என்னைக் கூப்பிடவில்லை. மூன்றாம் படியிலேயே அவராகச் சரிசெய்துவிட்டார்.